மேற்கு வளைவில் படகு ஓடாது

நீர்த்தேக்கத்தில் தண்ணீரின் அளவு பார்ப்பதுதான் அவருடைய வேலை. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, மதகுக்குப் பக்கத்தில் உள்ள எண்பத்து நாலு படிகளில் இறங்குவார். சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருக்கும் அளவுகோலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். மேலே ஏறி வந்து பதிவேட்டில் எழுதி, பிரிவு அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்வார். இருபத்து மூன்று வருஷமாக இதுதான். காய்ச்சல் வந்தாலும் படி இறங்கியிருக்கிறார். மகள் கல்யாணத்தன்று கூட, விருந்துக்கு வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்து எழுதிவிட்டுத்தான் போனார்.

ஊரில் அவருக்குப் பெயர் சென்டிமீட்டர். ஒரு பெரிய அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பதினொன்று புள்ளி எட்டு ஏழுன்னு எழுதி வெச்சிருக்க, பன்னிரண்டுன்னு போட்டுட்டுப் போவியா" என்று அடித்து எழுதப் போக, இவர் பேனாவின் மேல் கையை வைத்துக்கொண்டு விடவே இல்லையாம். "அந்தப் பதிமூணு சென்டிமீட்டர் எங்கிருந்து சார் வரும், நீங்க ஊத்துவீங்களா" என்று கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

மனைவி, நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். மனு, பிராது, வாடகை ஒப்பந்தம், விடுப்புக் கடிதம் என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது அடிப்பாள். யார் யாரிடம் எப்படி எழுதிக் கேட்டால் காரியம் நடக்கும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் நிதானமான ஆள் அவள்தான். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீர்த்தேக்கத்தைச் சுற்றுலாத் தலம் ஆக்கலாமா என்று ஆராய, பதினோரு வருஷத்தில் மூன்று குழு வந்து போயிருந்தது. முதல் குழு வந்து சூரியன் மறைவதைப் பார்த்து, "அடடா" என்று சொல்லிவிட்டுப் போனது. இரண்டாவது குழு அளந்தது. மூன்றாவது குழு, இரண்டாவது குழு அளந்த காகிதம் தொலைந்துவிட்டது என்று சொல்லி அதே இடத்தைத் திரும்ப அளந்தது. மூன்று தடவையும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர் சென்டிமீட்டர்தான். மூன்று தடவையும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாவது குழு, மழைக்காலம் முடிந்த கையோடு வந்தது.

மூன்று பேர். சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த வேலைக்கு மாறி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததால் எதைக் கண்டாலும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் ஒரு தனியார் ஆலோசகர், வெள்ளை ஷூ, கையில் ட்ரோன் பெட்டி. மூன்றாவது ஆள் சென்டிமீட்டரின் மேலதிகாரியான உதவிப் பொறியாளர். எப்போது மாற்றல் வரும் என்று காத்திருக்கிற சின்ன வயதுக்காரர், அதுவரை யாரிடமும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே கொள்கை உடையவர்.

அன்றைக்கு நீர்மட்டம் பன்னிரண்டு புள்ளி ஆறு நாலு மீட்டர். மேற்கு வளைவு என்று சொல்லப்படும் இடத்தில், கரையோரப் புல்லைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் தளும்பி நின்றது. வெள்ளைப் பறவைகள் வேறு, யாரோ சொல்லி அனுப்பியது மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஆலோசகர் மலைத்துப் போனார்.

"இங்கதான் படகுத்துறை. அந்த மேட்டுல குடில்கள், பன்னிரண்டு. இந்த ஓரத்துல குழந்தைங்க விளையாடுற இடம், அப்படியே தண்ணியில கால் வெச்சு இறங்குற மாதிரி."

சென்டிமீட்டர் குறுக்கே வந்து நின்றார்.

"சார், இந்த வளைவு வேண்டாம். இது கோடையில—"

"ஒரு நிமிஷம்." ஆலோசகர் படிவத்தைப் புரட்டினார். "நீர்நிலையில ஆண்டு முழுக்க நீர் இருக்குமா? ஆம், இல்லை. சொல்லுங்க."

"எந்த இடத்துல சார்?"

"இந்த நீர்த்தேக்கத்துல."

"நீர்த்தேக்கத்துல இருக்கும். இந்த வளைவுல இருக்காது."

"நீர்த்தேக்கத்துல இருக்குமில்ல?"

"இருக்கும், ஆனா மதகுப் பக்கத்துலதான்—"

"ஆம்," என்று ஆலோசகர் டிக் போட்டார். "அடுத்தது, சாலை வசதி."

சென்டிமீட்டர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார். உதவிப் பொறியாளர் பறவைகளைப் பார்த்தார்.

விடவில்லை இவர். ட்ரோன் பறக்கும்போது ஒரு தடவை, டீ குடிக்கும்போது ஒரு தடவை, வண்டியில் ஏறும்போது ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "சார், அடியில பூரா வண்டல். மேல பார்த்தா முழங்கால் தண்ணி மாதிரி தெரியும். கால வெச்சா இழுத்துரும்." கையை உயர்த்தி, அங்கே வேண்டாம், அங்கே வேண்டாம் என்று ஆட்டிக் காட்டினார். பெண் அதிகாரி காதில் போனை வைத்துக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்லியபடி, இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது இவருக்குச் சொன்ன சரியா, போனுக்குச் சொன்ன சரியா என்று தெரியவில்லை.

"ஐயா, எப்பப் பார்த்தாலும் நெகட்டிவாவே பேசாதீங்க," என்றார் ஆலோசகர் ஷூவைத் துடைத்தபடி. "ஊர் முன்னேற வேண்டாமா?"

ஊர் முன்னேற வேண்டாம் என்று அவர் எங்கே சொன்னார்? ஆறு வருஷத்துக்கு முன்னால், கோடையில், ஒரு கல்லூரி மாணவன் அதே வளைவில் இறங்கினான். போட்டோ எடுக்க நாலு எட்டு வைத்தான், அவ்வளவுதான். நண்பர்கள் ஓடி வந்து சென்டிமீட்டரைக் கூப்பிட்டு, அவர் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, குடும்பத்தோடு வந்த ஒருவர், சேற்றில் விழுந்த செருப்பை எடுக்கப் போய் மார்பு வரை இறங்கிவிட்டார். அந்தத் தடவை சென்டிமீட்டர் பக்கத்திலேயே இருந்தார். பெயின்ட் அடிக்க வைத்திருந்த நீளப் பலகையைச் சேற்றின் மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய், அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. நாற்பது நிமிஷமும் அந்த ஆள், "விட்டுராதீங்க அண்ணே, விட்டுராதீங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் விடவில்லை. வலது தோள் அன்றைக்குப் போனதுதான், இன்றுவரை முழுசாகத் தூக்க வராது.

அதற்குப் பிறகு வேலி கேட்டு ஏழு கடிதம் எழுதினார். ஏழாவது கடிதத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை வந்தது. அதில் வேறு ஏதோ ஒரு நீர்த்தேக்கத்தின் பெயர் எழுதியிருந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. மனைவியின் தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தான். படகு விடுகிற உரிமையை எப்படியும் வாங்கிவிடப் போகிறேன் என்று, அன்னப்பறவை வடிவத்தில் ஒரு மிதிபடகை எங்கிருந்தோ பழசாகப் பிடித்து வந்து இவர்கள் வீட்டு வாசலில் இறக்கியிருந்தான். அவன் வீட்டு வாசலில் இடம் போதாதாம். அன்னத்துக்கு ஒரு கண் இல்லை. தெருப் பூனைகள் நாலைந்து உள்ளே குடித்தனம் நடத்தின. மனைவி வெளியே போய் வர, அன்னத்தின் கழுத்துக்குக் கீழே குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

"மாமா, குழு என்ன சொல்லிச்சு? நல்லாச் சொன்னீங்களா?"

"நல்லாவே சொன்னேன். மேற்கு வளைவுல படகு ஓடாதுன்னு."

மச்சானுக்கு முகம் செத்துப்போனது. "என்ன மாமா இது! ஊரே நல்லா வரணும்னு நினைக்குது, வீட்டு ஆளே குறுக்க நிக்கறீங்களே!"

"ஆறு மாசம் தண்ணியில விடு, மீதி ஆறு மாசம் இத எங்க விடுவ? சேத்துல மிதிப்பியா?"

"அக்கா, பாரு இவர!"

"ரெண்டு பேரும் உள்ள வந்து கத்துங்க," என்றாள் மனைவி. "தெருவே பூனையோட சேர்ந்து வேடிக்கை பாக்குது."

ஒன்றரை மாதம் கழித்து வரைவு அறிக்கை பிரிவு அலுவலகத்துக்கு வந்தது. வழவழப்பான தாளில் அறுபத்திரண்டு பக்கம். மேற்கு வளைவு "மிகவும் உகந்தது" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு படம். தண்ணீர், பறவைகள், அவற்றுக்கு முன்னால் கையை மேலே தூக்கிக்கொண்டு சென்டிமீட்டர். கீழே எழுதியிருந்தது: "திட்டத்தை ஆர்வத்துடன் வரவேற்கும் உள்ளூர் மக்கள்."

வலிக்கிற தோளோடு, அங்கே வேண்டாம் என்று கையை ஆட்டிய அதே நொடியில் எடுத்திருக்கிறார்கள். உதவிப் பொறியாளரின் மேஜை மேல் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார்.

"சார், இத மறுத்து நாம எழுதணும்."

"நாமன்னா யாரு?" என்றார் உதவிப் பொறியாளர் அவசரமாக. "நான் எழுதினா மேல கேப்பாங்க, அன்னைக்குக் கூட இருந்தியே ஏன் சொல்லலன்னு."

"நான் சொன்னேனே சார்."

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லலையே." சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தினார். "விடுங்க. அறிக்கைதானே. மூணு குழு எழுதி எதுவும் நடக்கல. இதுவும் நடக்காது."

அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. நடக்காது என்று நம்பிக்கொண்டு எத்தனை பேர் சும்மா இருப்பது? ஒரு வேளை இது நடந்துவிட்டால்? குழந்தைகள் கால் வைத்து இறங்குகிற மாதிரி என்று ஆலோசகர் சொன்னது காதிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்து ஒன்பது பக்கம் எழுதினார். மனைவி வாங்கிப் படித்தாள்.

"ஏங்க, இதுல திட்டு எட்டு பக்கம், விஷயம் ஒரு பக்கம். திட்ட நான் எடுத்துடறேன்."

"கொஞ்சமாவது இருக்கட்டும்."

"ஒரு வரிகூட வேண்டாம். உங்க பதிவேட்டக் கொண்டு வாங்க. அது திட்டாத திட்டா?"

நான்கு நாள், கடை வேலை முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். இவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். இருபத்து மூன்று வருஷத்து மட்டமும் ஒரே தாளில் நீலக் கோடாக ஏறி இறங்கியது. மேற்கு வளைவின் தரை ஒன்பது புள்ளி இரண்டு மீட்டர். அந்த உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஒவ்வொரு வருஷமும் நீலம் சிவப்புக்குக் கீழே போய், நாலு மாதம், ஐந்து மாதம், ஒரு வருஷம் ஏழு மாதம் கிடந்தது. தன் வாழ்க்கையில் பாதியை ஒரே தாளில் பார்ப்பது அவருக்கு என்னவோ போலிருந்தது. அவள் நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "இவ்வளவு தடவையா படி ஏறி இறங்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு பேரும் விடுப்புப் போட்டுவிட்டு, காலை அளவை எழுதிய கையோடு, சாயங்கால அளவுக்குத் திரும்பிவிடும் கணக்கில், தலைநகரத்துக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். சுற்றுலா அலுவலகம் மூன்றாவது மாடியில். தபால் வாங்கும் ஜன்னலில் இருந்தவர் மனுவைத் தொடக்கூட இல்லை.

"துறை வழியா வரணும்."

"துறை அனுப்ப மாட்டேங்குது."

"அப்ப நானும் வாங்க மாட்டேன்."

சென்டிமீட்டரின் காது சிவந்தது. மனைவி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, மனுவின் தலைப்பில் அறிக்கையின் எண்ணையும் தேதியையும் எழுதினாள். அதன் கீழே, "வரைவு அறிக்கை மீது பொதுமக்கள் கருத்து" என்று எழுதி, கையெழுத்து இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். ஜன்னலுக்குப் போனாள்.

"நான் அரசு ஊழியர் இல்ல, பொதுமக்கள். கருத்துக் கேட்டு அறிக்கையில கடைசிப் பக்கத்துல நீங்களே போட்டிருக்கீங்க. நாளையோட முடியுது. முத்திரை போடுங்க."

அவர் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

படி இறங்கப் போகும்போது, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அந்தப் பெண் அதிகாரி பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். சென்டிமீட்டர் நேரே போய் நின்றுவிட்டார்.

"மேடம், பதினெட்டாம் பக்கத்துல இருக்கறது நான்தான். நான் வரவேற்கல."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி மனுவின் நகலை நீட்டினாள். அதிகாரி நின்ற இடத்திலேயே வாங்கிப் பார்த்தார். பாட்டில் நிரம்பி வழிந்து, தரையெல்லாம் ஓடியது.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேன் மேடம்." அவர் குரல் உடைந்தது. கோபத்தில்தான். "நாலு தடவ சொன்னேன். நீங்க தலைய ஆட்டினீங்க."

அதிகாரி குழாயை மூடினார். "தண்ணி இறங்கினதும் போன் பண்ணுங்க. நான் வரேன்," என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சென்டிமீட்டர் புலம்பிக்கொண்டு வந்தார். வரமாட்டார், இவர்கள் யாரும் வரமாட்டார்கள், கோடையில் எந்தக் குழு வந்திருக்கிறது, ஏசி அறையை விட்டு எவர் எழுந்து வருவார் என்று. மனைவி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

வந்தார். மட்டம் எட்டு புள்ளி மூன்று ஒன்றுக்கு இறங்கிய வாரம், சொன்னபடி, டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். படகுத்துறை என்று குறித்திருந்த இடத்தில் நின்று, "தண்ணி எங்க?" என்று கேட்டார். சென்டிமீட்டர் கையைக் காட்டினார். தூரத்தில் ஒரு வெள்ளிக் கீற்று மாதிரி தெரிந்தது. கெட்டியான ஓரமாகவே நடந்தார்கள். அதிகாரி வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு எட்டு. அதற்கு மேல் போக வேண்டாம் என்று சென்டிமீட்டர் நிறுத்தினார். மேலே காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, நடக்கலாம் போலத்தான் இருந்தது. கையில் கொண்டு வந்திருந்த மூன்று மீட்டர்க் கழியை, ஒரே கையால், இடது கையால்தான், அதில் ஊன்றி அழுத்தினார். சத்தமே இல்லாமல் முழுக் கழியும் உள்ளே போனது.

அதிகாரி ஓர் அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னோர் அடி.

"குழந்தைங்க இறங்குற இடம்னு போட்டிருக்கோம்," என்றார் மெதுவாக. வேறு யாரிடமோ சொல்வது போல இருந்தது. அன்றைக்குத்தான் சென்டிமீட்டர் அந்த மாணவனைப் பற்றிச் சொன்னார். அதிகாரி நோட்டைத் திறக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது அவர் கேட்டார். "நான் பொருத்தமில்லைன்னு எழுதினா, இந்தப் பக்கம் யாருமே வர மாட்டாங்களே. அது பரவாயில்லையா உங்களுக்கு?"

"யாரு சொன்னா மேடம்? ஞாயித்துக்கிழமை ஆனா முன்னூறு பேர் வராங்க. யாரும் அறிக்கையப் பார்த்துட்டு வரல. கரை மேல காத்து வாங்க வராங்க. அவங்களுக்கு நிழல் இல்ல, உக்கார இடமில்ல, பொம்பளைங்க ஒதுங்க இடமில்ல. அதனால வளைவுப் பக்கம் இறங்கறாங்க. இறங்கினாத்தான் ஆபத்து. இதுக்கு எதுக்கு மேடம் படகும் குடிலும்? வேலி போடுங்க. கரை மேலயே வெச்சு அவங்களக் கவனிங்க."

அதிகாரி நின்று, இப்போது நோட்டைத் திறந்து எழுதினார்.

திருத்திய அறிக்கை பதினோரு பக்கம்தான். ஆலோசகர் கடைசிவரை சண்டை போட்டதாகக் கேள்வி. மேற்கு வளைவு பொருத்தமில்லை, படகும் குடிலும் வேண்டாம், கரை மேல் நடைபாதை, கூரை போட்ட இருக்கைகள், கழிப்பறை, வளைவு முழுக்கக் கம்பி வேலி என்று அதில் இருந்தது. அவையெல்லாம் கட்டி முடிய ஒன்றேகால் வருஷம் பிடித்தது. அதுவரை சென்டிமீட்டர் திட்டாத நாள் இல்லை. மச்சான் நாலு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வண்டியோடு வந்து, பூனைகளை இறக்கிவிட்டு, அன்னத்தை ஏற்றிக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் நிறுத்திவிட்டான். குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள் என்று அவனே வந்து பெருமையாகச் சொன்னான். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தது சென்டிமீட்டர்.

வேலி வந்த பிறகு வளைவில் யாரும் இறங்கவில்லை.

நடைபாதையைத் திறந்து வைத்த பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பிள்ளைகளோடு ஓர் அம்மாள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, சட்டையில் அரசு அடையாள அட்டை தொங்குகிறதே என்று சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இவ்வளவு பெரிய அணையில தண்ணி நிக்குது, இந்தக் குழாயில சொட்டுத் தண்ணி வரலையே! இதையெல்லாம் யாரு பாக்கறது? சொன்னா யாராவது கேக்கறீங்களா?"

சென்டிமீட்டர் வாயைத் திறந்தார். இருபத்து மூன்று, இல்லை, இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, திட்டு வாங்குகிற பக்கத்தில் தான் நிற்பது அவருக்கு உறைத்தது. உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். வரவில்லை. தொட்டி மேல் ஏறிப் பார்த்தார். மோட்டாருக்கு மின் இணைப்பே கொடுக்கவில்லை.

"நியாயம்தாம்மா நீங்க சொல்றது," என்றார் கீழே இறங்கி வந்து. "பேரு, விலாசம் சொல்லுங்க. மனு நான் எழுதறேன், பொதுமக்கள்னு ஒரு கையெழுத்து வேணும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.